காதுக்குள் குன்றிமணி: காலை வரை காத்திருக்கலாமா?

மன்னைக்காரன் | இரவு 8.40

மகளுக்கு நான்கு வயது. சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையாரின் கண்ணிலிருந்து ஒரு குன்றிமணியைப் பெயர்த்து வலது காதுக்குள் போட்டுக்கொண்டாள். டார்ச் அடித்தால் உள்ளே சிவப்பாகத் தெரிகிறது. அழவில்லை. வலி இல்லை என்கிறாள். கொழுக்கட்டை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தேங்காய் எண்ணெய் விட்டால் வழுக்கி வந்துவிடும் என்கிறார் அம்மா. புருவம் திருத்தும் இடுக்கியோடு மனைவி தயாராக நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் ஊசியில்லாத சிரிஞ்சைக் கொண்டுவந்து கொடுத்து, தண்ணீர் பீய்ச்சச் சொல்கிறார். பண்டிகை நாள் என்பதால் மன்னார்குடியில் இந்த நேரத்துக்குக் காது மருத்துவர் யாரும் கிடைக்கவில்லை. குன்றிமணி விஷம் என்பதுதான் கவலையாக இருக்கிறது. காலை வரை பொறுக்கலாமா?

தோட்டத்து அத்தை | இரவு 8.52

தம்பி, பயப்படாதீர்கள். எங்கள் வீட்டில் பாசிமணி, புளியங்கொட்டை எல்லாம் காதுக்குள் போய் வந்திருக்கின்றன. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அந்தக் காது கீழே இருக்கும்படி குழந்தையைப் படுக்க வையுங்கள். காலையில் தலையணையில் கிடக்கும். அந்த இடுக்கியை மட்டும் முதலில் உங்கள் மனைவியிடமிருந்து வாங்கிப் பூட்டி வையுங்கள்.

இரவுப்பணி | இரவு 8.58

அத்தை சொன்னதில் கடைசி வரிக்கு என் முழு ஆதரவு. அவசரப் பிரிவில் செவிலியாக வேலை செய்கிறேன். எண்ணெய் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். முதலில் சில கேள்விகள்:

ரத்தமோ சீழோ வருகிறதா? தலைசுற்றல், வாந்தி உண்டா? அந்தக் காதில் இதற்கு முன் சீழ் வடிந்தது உண்டா? வேறு யாராவது ஏற்கெனவே எதையாவது விட்டுக் கிளறிப் பார்த்தார்களா?

இன்னொன்று. பிள்ளையாருக்கு இரண்டு கண். ஒன்று காதில் என்றால் மற்றது எங்கே? இடது காதையும் மூக்கின் இரண்டு துளைகளையும் பாருங்கள். வாயையும் திறக்கச் சொல்லுங்கள். காதில் போட்டுக்கொண்ட குழந்தை மூக்கிலும் போட்டுக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூக்கில் இருந்தால் காலை வரை பொறுக்க முடியாது. தூக்கத்தில் உள்ளிழுத்தால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும்.

மன்னைக்காரன் | இரவு 9.10

நீங்கள் கேட்ட எதுவும் இல்லை. யாரும் கை வைக்கவில்லை. இன்னொரு கண் பிள்ளையாரிடமே இருக்கிறது. மூக்கு, வாய், மற்றக் காது எல்லாம் பார்த்துவிட்டோம். கடைக்காரர் கொடுத்த மிச்சக் குன்றிமணிப் பொட்டலம் பரண்மேல் கட்டியபடியே இருக்கிறது.

செவிக்கூடம் | இரவு 9.31

காது மூக்கு தொண்டை மருத்துவன். உங்கள் மூன்று யோசனைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இந்த இழையைப் பிறகு தேடி வருகிறவர்களுக்கும் பயன்படும்.

பெரியவர்களின் காதுக்குழல் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். குழந்தைக்கு அதைவிடக் குறைவு. வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. அங்கே தோல் தடிமன். குறும்பி சுரப்பதும் அங்கேதான். மீதி இரண்டு பங்கு எலும்புச் சுவர். அதன் மேலுள்ள தோல் மிக மெல்லியது, நேரே எலும்போடு ஒட்டியிருக்கிறது. தொட்டாலே வலிக்கும். கீறினால் ரத்தம் வரும், ரத்தம் வந்தால் உள்ளே எதுவும் தெரியாது, சற்று நேரத்தில் வீக்கமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு பகுதிகளும் சேரும் இடத்தருகே குழல் குறுகுகிறது. பொருள் அந்தக் குறுகலுக்கு வெளியே நின்றால் வேலை எளிது. தாண்டிவிட்டால் செவிப்பறைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் போய் உட்காரும். வீட்டில் நடக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை பொருளைத் தாண்டவைப்பதில்தான் முடிகின்றன.

இடுக்கி: உருண்டையும் வழவழப்புமான பொருளை இடுக்கியின் இரண்டு முனைகளும் அதன் நடுவுக்கு இப்பால்தான் பிடிக்கும். அழுத்த அழுத்த அது உள்ளே நழுவும். பாசிமணிக்கோ குன்றிமணிக்கோ நாங்களே இடுக்கியைக் கையில் எடுப்பதில்லை. நுனி வளைந்த மெல்லிய கொக்கியைச் சுவரோரச் சந்து வழியே விட்டு, பொருளின் பின்பக்கம் கொண்டுபோய்த் திருப்பி, முன்னோக்கி இழுப்போம். அல்லது உறிஞ்சுகுழாயை ஒட்டவைத்து இழுப்போம். காகிதம், பஞ்சு, செத்த பூச்சி போன்ற பிடிகொடுக்கும் பொருள்களுக்குத்தான் இடுக்கி.

தண்ணீர்: பட்டாணி, கொண்டைக்கடலை, பயறு எல்லாம் ஈரம் பட்டால் ஊதும். உள்ளே ஊதிய பட்டாணி குழலை அடைத்துக்கொண்டு வலியை உண்டாக்கும். எடுக்கும்போது உதிர்ந்தும் போகும். குன்றிமணியின் தோடு கெட்டியானது, எளிதில் ஊறாது. ஆனால் அதில் கீறல் விழுந்திருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது.

எண்ணெய்: குன்றிமணி ஏற்கெனவே வழவழப்புதான். எண்ணெயும் சேர்ந்தால் கொக்கியும் உறிஞ்சுகுழாயும் பிடிக்காது. நாளை அதை எடுக்கப்போகிற மருத்துவருக்கு நீங்கள் செய்யும் கெடுதல் அது.

விஷம்: குன்றிமணியில் அப்ரின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. தோடு உடையாதவரை அது வெளியே வராது. கடித்து மென்றால்தான் உயிராபத்து. இந்தக் காரணத்துக்காகவும் இடுக்கியால் நசுக்கக் கூடாது. அவள் வேறொன்றை வாயில் போட்டுக் கடித்திருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் காலைக்குக் காத்திருக்காமல் இப்போதே 108ஐ அழையுங்கள். சந்தேகம் இல்லையென்றால், வலியும் ரத்தமும் இல்லாத குன்றிமணி காலை வரை அங்கேயே இருக்கலாம்.

காலையில் திட உணவு எதுவும் கொடுக்காமல் அழைத்துப் போங்கள். குழந்தை திமிறினால் மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டி வரலாம். அதற்குத் திட உணவு உண்டு 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை கொடுக்கலாம். எனவே கொழுக்கட்டையை இப்போதே கொடுத்துவிடுங்கள்.

சந்தேகப்பிராணி | இரவு 9.47

எல்லாவற்றுக்கும் மருத்துவரிடம் போ என்பதற்கு ஓர் இழை எதற்கு? அறுவடைக் காலத்தில் களத்தில் வேலை செய்கிறவர்கள் காதில் நெல் போகும். யாரும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறவில்லை. பேருந்து நிலையத்தில் காது குடைகிறவர் ஒரு கம்பியோடு உட்கார்ந்திருப்பார், எடுத்துப் போடுவார், வீடு திரும்புவோம். அவர் படித்தது எந்தக் கல்லூரி?

இரவுப்பணி | இரவு 10.05

ஐயா, அவர் எடுத்துப் போட்டவர்களை நீங்கள் பார்த்தீர்கள். செவிப்பறை கிழிந்தவர்கள் அவரிடம் திரும்பிப் போகவில்லை, எங்களிடம் வந்தார்கள். நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உமியில் சுணை இருக்கிறது. ஒரு திசையில் நழுவும், மறுதிசையில் குத்திக்கொண்டு நிற்கும். குடையக் குடைய எந்தப் பக்கம் போகும் என்று எந்தக் கம்பிக்கும் தெரியாது. ஒரே கம்பி நாளெல்லாம் எத்தனை காதுகளுக்குள் போகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. காதுவாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காகிதமோ பஞ்சோ விரலுக்கு அகப்பட்டால் எடுத்துவிடலாம். பாதிக்கப்பட்ட காது கீழே வருமாறு தலையைச் சாய்த்து, காதுமடலைப் பிடித்துக் குழலை நேராக்கி, மெல்ல அசைத்துப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னும் இழுக்க வேண்டும். சிறு குழந்தைக்குக் கீழும் பின்னும். விழுந்தால் நல்லது, விழாவிட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். மறுபக்கத் தலையில் தட்டுவதெல்லாம் வேண்டாம். பஞ்சுக்குச்சி, கொண்டை ஊசி, ஊக்கு, தீக்குச்சி இவை எதுவும் காதுக்குள் போகவே கூடாது.

தோட்டத்து அத்தை | இரவு 10.14

சரி, மணிக்கு எண்ணெய் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். பூச்சி புகுந்தால்? அதற்கு எண்ணெய்தானே மருந்து? என் மாமியார் உப்புத் தண்ணீர் விடுவார். இரண்டில் எது சரி?

செவிக்கூடம் | இரவு 10.33

அம்மா, இதில் வெற்றி உங்களுக்குத்தான். உயிருள்ள பூச்சிக்கு எண்ணெய் நல்லது.

காதுக்குள் போகும் பூச்சிகளில் எங்களிடம் அதிகம் வருவது கரப்பான். அதற்கு உள்ளே திரும்ப இடமில்லை, முன்னே முட்டிக்கொண்டே இருக்கும். காலில் உள்ள முட்கள் அந்த மெல்லிய தோலில் கீறும். செவிப்பறைக்குப் பக்கத்திலேயே நடப்பதால் சத்தம் பேரிரைச்சலாகக் கேட்கும். நள்ளிரவில் பெரிய மனிதர்கள் அலறிக்கொண்டு ஓடிவருவது இதற்காகத்தான். முதல் வேலை அதை அசையாமல் செய்வது. பூச்சிகள் உடலின் பக்கவாட்டிலுள்ள நுண்துளைகளால் மூச்சுவிடுகின்றன. எண்ணெய் அவற்றை அடைத்துவிடும். தண்ணீரில் அது நெடுநேரம் உதைத்துக்கொண்டிருக்கும், அந்த உதைகள் முழுவதும் உங்கள் செவிப்பறைமேல்தான். உப்புத் தண்ணீரில் ஒரு சிற்றெறும்பு மிதந்து வெளியே வரலாம். கரப்பானிடம் அது பலிக்காது.

பாதிக்கப்பட்ட காது மேலே இருக்கும்படி படுத்து, தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ குழந்தை எண்ணெயோ குழல் நிறையும் வரை மெல்ல விடுங்கள். அசைவு அடங்கும் வரை சில நிமிடங்கள் அப்படியே படுத்திருங்கள். பிறகு காதைக் கவிழ்த்தால் சிலருக்கு எண்ணெயோடு பூச்சியும் வந்துவிடும். வராவிட்டால் கவலையில்லை, செத்த பூச்சியை மறுநாள் மருத்துவர் எடுப்பார். முழுதாக எடுக்க வேண்டும். ஒரு கால் தங்கினாலும் சீழ் பிடிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெயை அடுப்பில் உருக்கி, ஆறுமுன் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காதுக்குழல் வெந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது கரப்பானே தேவலை என்று தோன்றும். கையில் விட்டுப் பார்த்துச் சூடே தெரியாத பதத்தில் இருக்க வேண்டும். அடுத்து, செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், சீழ் வடிகிறவர்கள், காதில் சிறு குழாய் பொருத்தியிருப்பவர்கள் எதையும் விடக் கூடாது.

சந்தேகப்பிராணி | இரவு 10.41

டார்ச் அடித்தால் பூச்சி வெளிச்சத்தைப் பார்த்து வெளியே வரும் என்பார்களே?

இரவுப்பணி | இரவு 10.46

ஈசலும் விட்டிலும் வரலாம். சமையலறையில் விளக்கைப் போட்டதும் கரப்பான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருப்பீர்களே.

மாத்தளையான் | இரவு 11.20

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் பிள்ளைகளின் காதுக்குள் உண்ணி புகுவது பழகிப்போன சங்கதி. மாடு, நாய் வளர்க்கும் வீடுகளிலும் காட்டோரத் தோட்டங்களிலும் கூடுதல். கரப்பான் மாதிரி ஆர்ப்பாட்டம் செய்யாது. செவிப்பறையிலோ பக்கத்துத் தோலிலோ வாயைப் பதித்துக்கொண்டு இருந்துவிடும். பிள்ளை காது வலி என்று இரவெல்லாம் அழும். வெளியே இருந்து பார்த்தால் குறும்பித் துண்டு போலத்தான் தெரியும். பிடித்து இழுத்தால் வாய்ப்பகுதி தோலிலேயே தங்கிவிடும். வைத்தியசாலையில் மருந்து விட்டு அதன் பிடி தளர்ந்த பிறகுதான் எடுப்பார்கள். அரிதாக முகத்தின் ஒரு பக்கம் கோணிப்போவதும் உண்டு. அப்படித் தெரிந்தால் ஒரு நிமிஷமும் சுணங்க வேண்டாம்.

புதுவைக்காற்று | காலை 6.15

இழையை முழுவதும் படித்தேன். என் தந்தை காது கேட்கும் கருவி வைத்திருக்கிறார். அதன் சிறு பேட்டரிகளை மேசைமேல் போட்டு வைப்பார். பேரன் எடுத்துக் காதில் போட்டுக்கொண்டால்? தீர்ந்துபோன பேட்டரிதானே என்று விட்டுவிடலாமா?

செவிக்கூடம் | காலை 7.02

விடக் கூடாது. நேற்றே நானாக எழுதியிருக்க வேண்டிய விஷயம் இது. பொத்தான் வடிவ பேட்டரிக்கு "காலை வரை பொறுக்கலாம்" என்ற பேச்சே இல்லை.

கருவியை இயக்கப் போதாத பேட்டரியிலும் தோலை அரிக்கப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். ஈரமான தோல் இரண்டு முனைகளையும் இணைத்துவிடும். எதிர்மின் முனைப் பக்கம் கடுமையான காரம் உருவாகி, காஸ்டிக் சோடாவில் மாட்டிய சதைபோல் திசு கரையத் தொடங்கும். சில மணி நேரத்தில் செவிப்பறையிலேயே ஓட்டை விழலாம். தண்ணீர், எண்ணெய், சொட்டு மருந்து எதை விட்டாலும் அந்த வேலை வேகமெடுக்கும். விழுங்கிய குழந்தைக்கு வழியில் தேன் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அதைப் படித்துவிட்டுக் காதில் தேன் விட்டவர்களும் உண்டு. காதுக்கு எதுவும் வேண்டாம். உடனே மருத்துவமனை, நள்ளிரவானாலும். முடிந்தால் அதே அளவுள்ள இன்னொரு பேட்டரியையோ அட்டையையோ கையில் எடுத்துச் செல்லுங்கள்.

உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாமல், பளபளவென்று வட்டமாகத் தெரிந்தால், அதை பேட்டரி என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். சின்னக் காந்தங்களுக்கும் இதே அவசரம்தான்.

மன்னைக்காரன் | பிற்பகல் 1.25

எடுத்தாயிற்று. தஞ்சாவூரில் ஒரு காது மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "வீட்டில் யாராவது கை வைத்தீர்களா?" என்பதுதான். இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. முதல் முயற்சி யாருடையது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறதாம். காது ஒருமுறை வலித்துவிட்டால் குழந்தை இரண்டாவது முறை தலையைக் கொடுக்காது, பிறகு மயக்க மருந்துதான் என்றார்.

போர்வையால் சுற்றி மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். கால்களை என் தொடைகளுக்கு இடையே இடுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். செவிலி தலையைப் பிடித்தார். நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, கொக்கியால் ஒரு திருப்பு, அவ்வளவுதான். மற்றக் காதையும் மூக்கையும் அவரும் பார்த்தார். லேசான சிராய்ப்பு இருப்பதால் சில நாள் காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மகள் குன்றிமணியைத் திருப்பிக் கேட்டாள். கொடுக்கவில்லை.

பழைய பேரேடு | பிற்பகல் 2.10

நல்ல செய்தி. தண்ணீர் பீய்ச்சுவது பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். குறும்பிக்குத் தண்ணீர் அடிக்கும்போது அது உடல் சூட்டில், ஏறக்குறைய 37 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர் நோயாளிகளின் காதைக் கழுவும்போது, குளிர்ந்த நீர் பட்டாலும் தலை சுற்றுகிறது, சூடான நீர் பட்டாலும் சுற்றுகிறது, விழிகள் துடிக்கும் திசை மட்டும் மாறுகிறது என்பதைக் கவனித்தார். உட்காதின் சமநிலைக் கருவியைச் சோதிக்கும் முறை அதிலிருந்து பிறந்தது. 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதியாக இருந்தார். ஆகவே குழாய்த் தண்ணீரை அப்படியே பீய்ச்சித் தலை சுற்றி விழுகிறவர்கள் ஒரு நோபல் பரிசுச் சோதனையை இலவசமாகச் செய்து பார்க்கிறார்கள்.

சந்தேகப்பிராணி | பிற்பகல் 2.35

நுண்ணோக்கி, கொக்கி என்றதும் ஞாபகம் வந்தது. கேமரா பொருத்திய காதுக்குச்சி இணையத்தில் விற்கிறார்கள். கைபேசியில் படம் தெரிகிறது, முனையில் சின்னக் கரண்டி இருக்கிறது. மருத்துவர் செய்வதும் அதுதானே? பார்த்துக்கொண்டே எடுத்தால் என்ன தவறு?

செவிக்கூடம் | மாலை 5.50

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு, அதுவும் பெரியவர்களுக்கு, சரி. எடுப்பதற்கு வேண்டாம். அதில் தெரிவது தட்டையான படம். கரண்டியின் நுனிக்கும் செவிப்பறைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைப் படம் சொல்லாது. எங்கள் நுண்ணோக்கியில் இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் ஆழம் தெரிகிறது. எங்கள் ஒரு கை காதருகே நோயாளியின் தலையோடு ஒட்டியே இருக்கும். தலை அசைந்தால் கையும் கூடவே அசையும். உங்கள் கண் கைபேசியில், கை காதில். இன்னொன்று, காதுக்குழலைத் தொட்டால் சிலருக்குச் சட்டென்று இருமல் வரும். வேகஸ் நரம்பின் கிளை ஒன்று அங்கே வருவதுதான் காரணம். கரண்டி உள்ளே இருக்கும்போது இருமினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இயர்போன்வாசி | இரவு 9.15

டாக்டர், என் கேள்வியையும் சேர்த்துவிடுகிறேன். இயர்போனின் சிலிக்கான் முனை கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. வலி இல்லை, அடைத்த மாதிரி கேட்கிறது. அதே இயர்போனைத் திரும்ப நுழைத்து மாட்டி இழுக்கலாமா? குச்சி நுனியில் உடனடிப் பசை தடவி ஒட்டவைத்து எடுக்கும் வீடியோ ஒன்றும் பார்த்தேன்.

செவிக்கூடம் | இரவு 9.40

இயர்போனைத் திரும்ப நுழைத்தால் முனை இன்னும் உள்ளே போகும். பசை அதைவிட மோசம். சிலிக்கானில் ஒட்டாது, உங்கள் தோலில் நன்றாக ஒட்டும், பிறகு அதை எடுப்பது தனி வேலை. மடலை மேலும் பின்னும் இழுத்து, காதைக் கவிழ்த்து, மெல்ல அசைத்துப் பாருங்கள். வராவிட்டால் நாளை பகலில் போனால் போதும், இரவில் அலைய வேண்டாம். வலி, ரத்தம், தலைசுற்றல் தொடங்கினால் மட்டும் உடனே போங்கள். வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், அடைபட்ட இடத்தில் ஈரம் தேங்கிச் சீழ் பிடிக்கும்.

போகும்போது மற்றக் காதின் இயர்போன் முனையைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அளவும் நிறமும் தெரிந்தால் மருத்துவருக்கு வேலை எளிது. கறுப்பு நிற முனை என்றால் அதைக் கட்டாயம் காட்டுங்கள். குறும்பியோடு சேர்ந்து கண்ணுக்குத் தப்பிவிடும்.